ஒற்றை டிக்

முன்னூற்றுப் பதினாறு மரம் எனக்கு,
களியலுக்கு மேலே, சரிவில்.
மூன்று மணிக்குத் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு ஏறுகிறேன்.
ஜாக்கெட்டுக்குள் போன்.
முந்தாநாள் அனுப்பிய “சாப்பிட்டியளா”
ஒற்றை டிக்கோடு நிற்கிறது.

அவர் இருக்கும் ஊரின் வானத்தில்
நெருப்புக் கோடு போவதை
டிவியில் பத்துத் தடவை காட்டினார்கள்.
பதினொன்றாவது தடவை ஷெரின்
அணைத்துவிட்டு வயரையும் பிடுங்கினாள்.

ராத்திரி சபையிலிருந்து வந்தார்கள்.
ஒன்பது பேர், பாய் போதவில்லை.
டென்னிசன் உபதேசியார் சத்தமாக ஜெபித்தார்,
வளைகுடா வரை கேட்கவேண்டும் என்பதுபோல.
விசுவாசம் உள்ள வீட்டில் பயம் தங்காது என்றார்.
ஆமென் சொன்னேன்.
கட்டன்சாயா போட்டேன்.
டார்ச் அடித்து எல்லோரும் இறங்கிப் போனார்கள்.
பயம் மட்டும் செருப்பைத் தேடாமல்
உள்ளேயே உட்கார்ந்திருந்தது.

சரி, நீயும் வா என்று கூட்டிவந்தேன்.

முதல் மரம்.
காய்ந்த ஒட்டுப்பாலை நூலாய் உரித்துச் சாக்கில் போட்டு
கத்தியை வைத்தேன்.
தோலோடு நிற்கவேண்டும், தடியைத் தொடக்கூடாது.
அந்த மயிரிழைக் கணக்கு கைக்குத் தெரியும்.
இன்று கை ஆடியது.
தடியில் பட்டுவிட்டது.
மன்னிச்சிடு என்றேன்,
மரத்திடமா, அவரிடமா, ஆண்டவரிடமா,
தெரியவில்லை.

ஆண்டவரே, ஜெஸ்டினை, என்று தொடங்கினேன்.
அதற்குமேல் வாய் வரவில்லை.
இரண்டாம் மரத்திலும் அதே அரை வரி.
பத்தாவதில் எனக்கே சலித்தது.
கேட்கிறவருக்கு எப்படி இருக்கும்.

அப்போதுதான் ரபீக்கின் நினைவு வந்தது.
இவருக்கு மேல்கட்டில்.
வீடியோவில் மரச்சீனியைக் காட்டியபோது
விறகையா தின்கிறீர்கள் என்று சிரித்தவன்.
பதினோராவது மரம் அவனுக்கு.
பன்னிரண்டு, நேபாளத்துச் சமையல்காரருக்கு,
பெயர் மறந்துபோயிற்று, ஆண்டவருக்குத் தெரியும்.
பதின்மூன்று, முள்ளங்கினாவிளைப் பையனுக்கு.
விசா கடனில் ஒரு தவணைகூட அடைக்கவில்லை அவன்.
தெரிந்த பெயரெல்லாம் இருபத்தாறில் தீர்ந்தது.
மரம் தீரவில்லை.

தெரியாதவர்களைச் சொன்னேன்.
நைட் டூட்டி நர்சுகள்.
துறைமுகத்துக்குள் வரமுடியாமல் நிற்கும் கப்பல்காரர்கள்.
சைரன் கேட்டுப் பூனையைத் தூக்கிக்கொண்டு ஓடும்
யாரோ ஒரு பிள்ளை.

நூற்றுப் பத்தில்
அந்த நெருப்பை ஏவுகிறவன் வந்து நின்றான்.
போ என்றேன்.
அடுத்த மரத்திலும் நின்றான்.
அவனுக்கும் ஓர் அம்மை இருப்பாள்.
அவள் போனிலும் ஒற்றை டிக் இருக்கும்.
இது உனக்கு, என்று கத்தியை இழுத்தேன்.
மனசில்லாமல்தான்.
பால் மட்டும் நேராக இறங்கியது.

கை ஆடவில்லை.
எந்த மரத்தில் நின்றது அந்த ஆட்டம், கவனிக்கவில்லை.
பயம் போகவில்லை,
பின்னால் வந்துகொண்டுதான் இருந்தது.
முன்னால் யாரோ நடந்தார்,
சருகு சத்தமில்லாமல்,
நான் வேகம் குறைத்தால் தானும் குறைத்து.

இருநூற்றுச் சொச்சத்தில்
ஒரு சிரட்டைக்குள் தவளை.
காலி பண்ணச் சொல்ல நீ யார் என்று
விளக்கையே முறைத்தது.
சிரித்துவிட்டேன். சத்தமாக.
கீழ்த்தோட்டத்திலிருந்து மரியசிலுவை அண்ணன்,
“என்ன பிள்ளே, பன்றியா?” என்று கூவினார்.
“தவளை!”
சிரிப்பு அடங்கவில்லை.
இந்த நேரத்தில் சிரிக்கலாமா என்றது பயம்.
கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.
கேட்டேன்.
முன்னால் நடந்தவரும்
தோள் குலுங்க நின்றமாதிரிதான் இருந்தது.

விடிந்ததும் வாளியோடு முதல் மரத்துக்குப் போனேன்.
தடி தெரிந்த இடத்தில் கொஞ்சம் மண் குழைத்துப் பூசினேன்.
சிரட்டை பாதிக்குமேல் இருந்தது.

போனை எடுத்தேன்.
ஒற்றை டிக்.
அதன் கீழே,
“இன்னைக்கு ஒரு தவளை என்னைப் பயங்காட்டிச்சு,
வந்ததும் சொல்லுகேன்” என்று அடித்தேன்.
அதற்கும் ஒற்றை டிக்.
ஷெரின் பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு என்று
கீழிருந்து கூப்பிட்டாள்.
இருநூறு சிரட்டை இன்னும் வழிக்கக் கிடந்தது.